போட்டோ 4,500 ரூபா, கிராஃப் ஒன்றரை லட்சம்: பிஜிடி டெஸ்ட் எடுத்த எங்க கதை

முதல்லயே சொல்லிடறேன், சென்டர் பேரு லேப் பேரு எதுவும் போட மாட்டேன், நல்லது கெட்டது ரெண்டும் இருக்கு, யாரையும் இழுத்து விட வேணாம்னு தோணுது. சென்னையில ஒரு பெரிய ஃபெர்டிலிட்டி சென்டர், அவ்ளோதான். பிஜிடின்னா, ஐவிஎஃப்ல உண்டாக்கின கருவ கர்ப்பப்பைல வைக்கறதுக்கு முன்னாடி அதோட குரோமோசோம் (செல்லுக்குள்ள டிஎன்ஏ சுருட்டி வெச்ச கட்டு) சரியா இருக்கான்னு பாக்கற டெஸ்ட். மார்க்கை வேணா இப்பவே சொல்றேன், மொத்தமா 5க்கு 3. ஏன் 3னு சொல்றதுக்குத்தான் இவ்ளோ நீளம், டீ போட்டுட்டு வந்து உக்காந்து படிங்க.

நாங்க திருச்சி. எனக்கு 33, இவருக்கு 36. ரெண்டு தடவ கலைஞ்சுது. முதல் தடவ எட்டாவது வாரம், அப்ப எடுத்த திசுவை ஃபார்மலின்ல போட்டு சாதாரண பயாப்ஸிக்கு அனுப்பிட்டாங்க, ரிப்போர்ட்ல "கரு திசு இருக்கிறது"ன்னு ஒரு வரி வந்துச்சு, அது எனக்கே தெரியுமே. ஃபார்மலின்ல போட்டா செல்லெல்லாம் செத்துடும், அப்புறம் அதை வளர்த்து குரோமோசோம் பாக்கவே முடியாது, இது எனக்கு ஒரு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது. ரெண்டாவது தடவ ஒன்பதாவது வாரம் ஹார்ட்பீட் நின்னு போச்சு. அப்ப வேற டாக்டர்கிட்ட மாறியிருந்தோம், வயசானவங்க, க்ளினிக்ல ஏசி கூட ஒழுங்கா ஓடாது, ஆனா டி அண்ட் சி (கர்ப்பப்பைய சுத்தம் பண்றது) பண்றதுக்கு முன்னாடியே நர்ஸ்கிட்ட "சலைன்ல எடுங்க, ஃபார்மலின் தொடக்கூடாது"ன்னு ரெண்டு தடவ சொன்னாங்க, மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு காதுல விழுந்த கடைசி வார்த்தை அதுதான். இந்த முழு கதையிலயும் உருப்படியான முதல் வேலை அந்த அம்மா பண்ணதுதான்.

அந்த திசுல மைக்ரோஅரேன்னு குரோமோசோம் கூடக் குறைய இருக்கான்னு பாக்கற டெஸ்ட் பண்ணாங்க, 14ஆம் குரோமோசோம் ரெண்டுக்கு பதிலா மூணு இருக்குன்னு வந்துச்சு. டாக்டர் சொன்னாங்க, "முதல் மூணு மாசத்துல கலையறதுல பாதிக்கு பாதி இப்படி குரோமோசோம் கணக்கு தப்பாத்தான்மா இருக்கும், நீ மாடிப்படி ஏறினதாலயோ பப்பாளி தின்னதாலயோ இல்ல. ஆனா 14ன்னு வந்திருக்கறது கொஞ்சம் இடிக்குது. ரெண்டு பேரும் காரியோடைப் குடுத்துடுங்க, ரத்தத்துல இருக்க செல்லோட குரோமோசோமை போட்டோ எடுத்து எண்ணற டெஸ்ட்." ரெண்டு பேரும்னதும் இவரு "எனக்கெதுக்கு டாக்டர், நான் நல்லாத்தானே இருக்கேன்"னாரு. அந்தம்மா மூக்குக்கண்ணாடிய இறக்கி ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, மனுஷன் பேசாம சட்டைக் கையை மடக்கிட்டாரு.

ஆளுக்கு 4,500. பச்சை மூடி போட்ட ட்யூப்ல ரத்தம் எடுப்பாங்க, அதுல ஹெப்பாரின் இருக்கும், சுகர் கொலஸ்ட்ரால்னு வழக்கமா எடுக்கற ட்யூப்ல எடுத்தா ஆகாது ஏன்னா செல்லு உயிரோட போய் சேரணும். எனக்கு சனிக்கிழமை சாயங்காலம் எடுத்தாங்க, ஞாயித்துக்கிழமை கூரியர் இல்ல, திங்கட்கிழமை வரைக்கும் எங்கயோ கிடந்து கல்ச்சர் ஃபெயில்னு மெசேஜ் வந்துச்சு, மறுபடி எடுத்தோம் (காசு கேக்கல, அதுக்கு ஒரு நன்றி). அதனால யாராச்சும் குடுக்கறதா இருந்தா திங்கள் செவ்வாய்ல குடுங்க. மூணு வாரம் ஆகும். "பிளட் டெஸ்ட்தானே, ஏன் மூணு வாரம்"னு நானும் கத்தினேன், அப்புறம் அது எப்படி பண்றாங்கன்னு தெரிஞ்சதும் வாயை மூடிட்டேன். ரத்தத்துல இருக்க வெள்ளை அணுவ மூணு நாள் வளர்க்கறாங்க, அது ரெண்டா பிரியற நேரத்துக்கு காத்திருந்து கால்சிசின் மாதிரி ஒரு மருந்தை ஊத்தி அப்படியே நிறுத்தறாங்க, ஏன்னா அந்த ஒரு கட்டத்துலதான் குரோமோசோம் சுருண்டு தடியா கண்ணுக்கு தெரியும், மத்த நேரமெல்லாம் சிக்கெடுக்காத நூல்கண்டு. அப்புறம் உப்பு கம்மியான தண்ணில ஊற வெச்சா செல்லு உப்பும், உள்ள இருக்கறது விலகி நிக்கும், அதை சொட்டு சொட்டா கண்ணாடி ஸ்லைடுல விட்டு, ட்ரிப்ஸின்ல லேசா அரிக்க விட்டு ஜீம்சா சாயம் போட்டா கறுப்பு வெள்ளை பட்டை பட்டையா வரும். ஒவ்வொரு குரோமோசோமுக்கும் அந்த பட்டை வரிசை தனி, அதை வெச்சுதான் இது 13, இது 14ன்னு ஆள் அடையாளம் கண்டுபிடிக்கறது. ஒரு ஆளுக்கு இருபது செல்லாவது உக்காந்து எண்ணுவாங்க. சாஃப்ட்வேர் உதவி பண்ணுது, ஆனா கடைசில ஒரு மனுஷன் கண்ணுதான் பாத்து சொல்லணும்.

என் ரிப்போர்ட் நார்மல், மொத்தம் 46 குரோமோசோம். இவரோடது 45.

அந்த பக்கத்தை நான் இன்னும் பத்திரமா வெச்சிருக்கேன். ஏ4 பேப்பர்ல ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ, ஜோடி ஜோடியா அடுக்கி வெச்ச கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கும், பெருசுல ஆரம்பிச்சு சிறுசு வரைக்கும் நம்பர். (ஒரு சின்ன தமாஷ், 22ஐ விட 21தான் சிறுசு. மொதல்ல தப்பா வரிசைப்படுத்திட்டாங்க, டவுன் சிண்ட்ரோம்னா 21னு ஊரெல்லாம் பழகிட்டதால மாத்தாமலே விட்டுட்டாங்க.) இவரோட போட்டோல 13க்கு மேல ஒண்ணே ஒண்ணு நிக்குது, 14க்கு மேல ஒண்ணே ஒண்ணு நிக்குது, அதுக்கு பக்கத்துல அம்புக்குறி போட்டு நீட்டமா ஒண்ணு, மேல பாதி 13, கீழ பாதி 14, ரெண்டும் இடுப்புல ஒட்டிக்கிட்டு. ராபர்ட்சோனியன் ட்ரான்ஸ்லொகேஷன்னு பேரு. 13, 14, 15, 21, 22 இந்த அஞ்சுக்கும் மேல் கை ரொம்ப குட்டி, அதுல முக்கியமான சரக்கும் எதுவும் கிடையாது, அதனால ரெண்டு ஒட்டிக்கிட்டு அந்த குட்டிக் கை தொலைஞ்சு போனாலும் ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. ஆயிரம் பேருக்கு ஒருத்தர்கிட்ட இப்படி ஏதோ ஒண்ணு இருக்குமாம், அதுல 13ம் 14ம் ஒட்டறதுதான் அதிகம். ஆயிரத்துல ஒண்ணுன்னா எங்க தெருவையும் அடுத்த தெருவையும் சேர்த்து எண்ணினா ஒருத்தர் தேறுவாரு, அந்த ஒருத்தர் என் வீட்ல இருக்காரு.

பிரச்சனை குழந்தைன்னு வரும்போதுதான். இதை எனக்கு புரிய வெச்சது சென்னை சென்டர்ல இருந்த ஜெனெடிக் கவுன்சிலர், இந்த ரிவ்யூல 5க்கு 5 வாங்கற ஒரே ஆள். மொதல்ல பேனால கோடு கோடா போட்டாங்க, எங்களுக்கு ஒண்ணும் ஏறல, முழிச்சோம். உடனே சொன்னாங்க, "கோயில் வாசல்ல ரெண்டு ஜோடி செருப்பு கிடக்குதுன்னு வெச்சுக்கங்க, ஒரு ஜோடி கறுப்பு, அது 13, ஒரு ஜோடி பிரவுன், அது 14. கறுப்புல ஒண்ணையும் பிரவுன்ல ஒண்ணையும் வாரோட வார் கட்டி வெச்சாச்சு. இப்ப எல்லாத்தையும் ரெண்டு பையில பிரிச்சு போடணும், ஒவ்வொரு பையிலயும் ஒரு கறுப்பு ஒரு பிரவுன் வரணும்." கட்டினது ஒரு பையிலயும் கட்டாத ரெண்டும் இன்னொரு பையிலயும் போனா ரெண்டு பையுமே சரி. கட்டினதோட கட்டாத கறுப்பும் சேர்ந்து போயிட்டா ஒரு பையில ரெண்டு கறுப்பு ஒரு பிரவுன், இன்னொண்ணுல வெறும் பிரவுன் மட்டும். கட்டாத பிரவுன் சேர்ந்து போனா அதுவே தலைகீழ். மொத்தம் ஆறு விதமான பை, ரெண்டு நல்லது, நாலு கெட்டது.

அப்ப ஆறுல நாலு கெட்டுப்போகுமான்னு நான் கேட்டேன், அழுதுடுவேன் போல இருந்துச்சு. "இல்லம்மா, ஆறு விதம்னா ஆறும் சம அளவுல வரும்னு அர்த்தம் இல்ல. ஆம்பளைங்ககிட்ட இந்த ட்ரான்ஸ்லொகேஷன் இருந்தா விந்தணுல பெரும்பாலானது நல்ல பைதான். தானா உண்டாகி நல்லபடியா பொறக்கறதுக்கும் நிறைய வாய்ப்பு இருக்கு, நிறைய பேருக்கு அப்படித்தான் நடக்குது, உங்க மாமனார் மாமியார்ல ஒருத்தருக்கே இது இருந்திருக்கலாம்"னாங்க. இந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்ளோ முக்கியம்னு கவனிங்க. ஏன்னா அதே சென்டர்ல அதுக்கு முன்னாடி பாத்த டாக்டர், பேரு பெத்தவரு, ஏழு நிமிஷம் பேசினாரு, அதுல "ட்ரான்ஸ்லொகேஷனா, அப்ப ஐவிஎஃப் பிஜிடிதான், பேக்கேஜ் டீட்டெய்ல்ஸ் வெளிய சொல்லுவாங்க"ன்னு முடிச்சிட்டாரு. இன்னொரு வழி இருக்குன்னு அவரு வாயிலருந்து வரவே இல்ல. கவுன்சிலர் மேடம் ஒரு மணி நேரம் உக்காந்து, தானா ட்ரை பண்ணி வயித்துல இருக்கும்போது டெஸ்ட் எடுக்கறது ஒரு வழி, பிஜிடி ஒரு வழி, டோனர் ஒரு வழின்னு மூணையும் வெச்சு, எது சரின்னு நான் சொல்ல மாட்டேன்னு முடிச்சாங்க. நாங்க பிஜிடி எடுத்தது அறிவியல் காரணம்னு சொல்ல மாட்டேன். இன்னொரு தடவ அந்த டி அண்ட் சி டேபிள்ல ஏறி படுக்க என்னால முடியாது, அவ்ளோதான் காரணம்.

வீட்ல சொன்ன கதை தனி. ரெண்டு வருஷமா எங்க அத்தை எனக்கு கர்ப்பப்பை சூடுன்னு மோருல வெந்தயம் போட்டு குடுத்துட்டு இருந்தாங்க. இவரு போட்டோவ கொண்டு போய் காட்டி "அம்மா, இது என்கிட்ட இருந்து வருது"ன்னு சொன்னாரு. கொஞ்ச நேரம் அதையே திருப்பி திருப்பி பாத்தாங்க. "46 இருக்கணும்னு யாரு எண்ணிப் பாத்தா?"ன்னு கேட்டாங்க. கோவத்துல கேட்டதுதான், ஆனா கேள்வி என்னமோ சரியான கேள்விங்க. அன்னிக்கு ராத்திரி தேடிப் படிச்சேன். 1920கள்ல இருந்து 30 வருஷத்துக்கு மேல உலகமே மனுஷனுக்கு 48னுதான் சொல்லிட்டு இருந்திருக்கு. 1952ல அமெரிக்காவுல டி.சி. சூன்னு ஒருத்தர் வேலை பாத்த லேப்ல யாரோ கரைசல் கலக்கும்போது தப்பாகி உப்பு கம்மியாப் போச்சு, அதுல செல்லு உப்பி குரோமோசோமெல்லாம் அழகா பிரிஞ்சு நின்னுச்சு, மேல சொன்னேனே ஊற வெக்கறது, அந்த டெக்னிக் பொறந்ததே அந்த தப்புலதான். அவ்ளோ அழகா பிரிஞ்சு நின்னும் அவரும் 48ன்னுதான் எண்ணினாரு! கண்ணு என்ன எதிர்பாக்குதோ அதைத்தானே பாக்கும். அப்புறம் ஸ்வீடன்ல லுண்ட் ஊர்ல ஜாவாக்காரர் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் எண்ணி 1956ல 46ன்னு பேப்பர் போட்டாங்க. அத்தைகிட்ட காலைல சொன்னேன். "அப்ப என் மாமியாருக்கு கல்யாணம் ஆகும்போது 48ஆ"ன்னாங்க, நானும் சிரிச்சிட்டேன், வெந்தய மோரு அன்னையோட நின்னுச்சு.

சரி சென்டருக்கு வரேன். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி காலைல எழும்பூர்ல இறங்கி நேரா போயிடுவோம், மூணு மாசத்துல எத்தன தடவன்னு கணக்கே இல்ல. ரிசப்ஷன்ல நுழைஞ்ச உடனே பெரிய போர்டு, பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணான்னு கண்டறிவது சட்டப்படி குற்றம்னு. 1994 சட்டம், 2003ல திருத்தி கரு உள்ள வைக்கறதுக்கு முன்னாடி பண்ற டெஸ்ட்டையும் அதுக்குள்ள கொண்டு வந்தாங்க. நாங்களும் அதுக்கு ஒரு ஃபாரத்துல கையெழுத்து போட்டோம். இதுல இருக்க முரண் என்னன்னா, இந்த டெக்னாலஜி உலகத்துல ஆரம்பிச்சதே பாலினம் பாக்கறதுலதான். 1990ல லண்டன் ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரில ஹேண்டிசைட் டீம், ஆம்பளப் புள்ளைக்கு மட்டும் வர்ற பரம்பரை வியாதி இருக்க குடும்பங்களுக்காக, கருவுல இருந்து ஒரு செல் எடுத்து ஒய் குரோமோசோம் இருக்கா இல்லையான்னு பாத்து பெண் கருவா உள்ள வெச்சாங்க. நம்ம ஊர்ல ஆணா பெண்ணான்னு காட்டற அந்த கடைசி ஜோடிய மட்டும் ரிப்போர்ட்ல மூடிடுவாங்க. சொந்தக்காரங்க எத்தன பேரு கேட்டாங்கன்னு கேக்காதீங்க, "லட்சக்கணக்குல கட்டறீங்க, அதையும் சேர்த்து பாத்துக்கலாமே"ன்னு. மூடி வெக்கறது எவ்ளோ நல்லதுன்னு அந்த கேள்விகளை கேட்டப்பதான் புரிஞ்சுது.

ஊசி, ஸ்கேன், வயிறு உப்பறது எல்லாம் எல்லாரும் எழுதிட்டாங்க, நான் விட்டுடறேன். எக் பிக்கப்ல 15 முட்டை, அதுல 12 முதிர்ந்தது, 10 கரு ஆச்சு, அஞ்சாம் நாள் ஆறாம் நாள்ல 6 கரு பிளாஸ்டோசிஸ்ட், அதாவது பந்து மாதிரி வளர்ந்த கட்டத்துக்கு வந்துச்சு. பயாப்ஸி பண்ற வீடியோவ எம்ப்ரியாலஜிஸ்ட் தம்பி எங்களுக்கு மானிட்டர்ல போட்டு காட்டினாரு, கேட்டாதான் காட்டுவாங்க, கேளுங்க. உருண்டையா ஒரு பந்து, உள்ள ஒரு ஓரமா கொத்தா இருக்கறது குழந்தையா ஆகப்போறது, சுத்தி சுவர் மாதிரி இருக்கறது நஞ்சுக்கொடியா ஆகப்போறது. அந்த சுவர்ல இருந்துதான் எடுக்கறாங்க. ஒரு பக்கம் பைப்பெட் உறிஞ்சி பிடிச்சுக்குது, இன்னொரு பக்கம் மெல்லிசு பைப்பெட் அஞ்சாறு செல்லை பரோட்டா மாவு மாதிரி இழுக்குது, லேசர் டக் டக்னு ரெண்டு அடி, அறுந்து வந்துச்சு. பந்து அப்படியே சுருங்கிப் போச்சு, எனக்கு உயிரே போச்சு, "பயப்படாதீங்கக்கா, கொஞ்ச நேரத்துல மறுபடி உப்பிடும்"னாரு. அந்த செல்லை கண்ணுக்கே தெரியாத அளவுல ஒரு குட்டி ட்யூப்ல போட்டு, பேரு நம்பரை இன்னொருத்தர் சத்தமா படிச்சு சரிபாத்து, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாங்க. கருவெல்லாம் மைனஸ் 196 டிகிரி நைட்ரஜன் டாங்க்குக்கு போயிடும், ட்யூப் மட்டும் ஜெனெடிக் லேபுக்கு. லேப் வேலைக்கு 5க்கு 4.

இப்ப ஜெனெடிக் லேப்ல அந்த செல்லை பாக்கற மிஷின். நான் என்ன நெனச்சேன்னா, இவ்ளோ காசு வாங்கறாங்களே, இவரு ரத்தத்துல பாத்த மாதிரியே கம்பளிப்பூச்சி போட்டோ இன்னும் தெளிவா கலர்ல வரும்னு. கிடையாதுங்க! இந்த மிஷின் குரோமோசோமை பாக்கறதே இல்ல. ஒரு செல்லுல இருக்க டிஎன்ஏ சுமார் 6 பிக்கோகிராம், ஒரு கிராமை லட்சம் கோடி பங்கு போட்டா அதுல ஆறு. அஞ்சாறு செல்லுக்கு அதை வெச்சு என்ன பண்ண முடியும், அதனால மொதல்ல அதை காப்பி மேல காப்பி எடுத்து பெருக்கறாங்க, துண்டு துண்டா வெட்டறாங்க, ஒவ்வொரு துண்டும் எந்த குரோமோசோம்ல எந்த இடத்துல இருந்து வந்ததுன்னு படிச்சு எண்ணறாங்க. தேர்தல்ல பெட்டிய கவுத்து ஓட்டு எண்ற மாதிரி. 14ஆம் வார்டுல இருந்து வழக்கமா வரவேண்டிய ஓட்டு வந்திருந்தா ரெண்டு காப்பி, ஒன்றரை மடங்கு வந்திருந்தா மூணு காப்பி, பாதிதான் வந்திருந்தா ஒண்ணு. கிராஃப்ல 1ல இருந்து 22 வரைக்கும் புள்ளி புள்ளியா ஒரு ஆறு ஓடும், ரெண்டுங்கற கோட்டுல ஓடினா சந்தோஷம்.

எண்ணறதுல இருக்க சிக்கலும் இதுலயே இருக்கு. 14ஆம் வார்டு ஓட்டு 13ஆம் வார்டு பெட்டியோட கயிறு கட்டி வந்துச்சா, தனியா வந்துச்சான்னு எண்ணிக்கைய வெச்சு சொல்ல முடியாது. அதாவது குழந்தை என்னைய மாதிரி 46ஆ, இல்ல அப்பா மாதிரி ஒட்டின 45ஆன்னு இந்த டெஸ்ட்டுக்கு தெரியாது, ரெண்டும் ஒரே கிராஃப்தான். ரிப்போர்ட்லயே "நார்மல் அல்லது பேலன்ஸ்ட்"னுதான் போடுவாங்க. 4,500 ரூபா டெஸ்ட்டுக்கு கண்ணு இருக்கு, ஒன்றரை லட்ச ரூபா டெஸ்ட்டுக்கு கால்குலேட்டர்தான் இருக்கு. குறையா சொல்லல, அஞ்சு செல்லுல மூணு நாள் கல்ச்சர் வெச்சு போட்டோ எடுக்கறது நடக்கற காரியம் இல்ல, இது வேற வேலைக்கு வேற கருவி. ஆனா காசு கட்டறதுக்கு முன்னாடி சொல்லணும்ல, கவுன்சிலர் சொன்னாங்க, பேக்கேஜ் விக்கற டெஸ்க்ல சொல்லல.

ரிப்போர்ட் 18 நாள்ல வந்துச்சு. முதல் ரெண்டு கருவும் நார்மல்/பேலன்ஸ்ட். மூணாவதுல 14 ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, வெறும் கறுப்பு செருப்பு மட்டும் வந்த பை. நாலாவதுல 16ஆம் குரோமோசோம் மூணு, இது இவரு கணக்கே இல்ல, பெரும்பாலும் முட்டைல வர்ற தப்பு, கலையற கர்ப்பங்கள்ல தனி குரோமோசோமா எடுத்தா இந்த 16தான் முதலிடமாம். இதை படிச்சப்ப இவரு முகத்துல ஒரு சின்ன நிம்மதி தெரிஞ்சுது, எல்லாமே நம்மாலதான்னு இல்லங்கற மாதிரி, நானும் ஒண்ணும் சொல்லல. அஞ்சாவது மொசைக், 7ஆம் குரோமோசோம் கோடு ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல கொஞ்சம் மேல தொங்குது, சில செல்லு சரி சில செல்லு தப்புன்னு அர்த்தம், இல்ல காப்பி எடுத்ததுல வந்த கோளாறாவும் இருக்கலாம். முன்னாடியெல்லாம் இதை தூக்கிப் போட்டுடுவாங்களாம், 2015ல இத்தாலில வேற நல்ல கரு இல்லாத 18 பேருக்கு மொசைக் கருவ வெச்சு 6 குழந்தை ஆரோக்கியமா பொறந்துச்சுன்னு பேப்பர் வந்தப்புறம் தூக்கிப் போட யோசிக்கறாங்க. ஆறாவது "நோ ரிசல்ட்". டிஎன்ஏ பெருகவே இல்ல.

பஞ்சாயத்து அந்த ஆறாவதுலதான். ஒரு கருவுக்கு 20,000 வீதம் ஆறுக்கு 1,20,000, பயாப்ஸி சார்ஜ் 30,000, மொத்தம் ஒன்றரை லட்சம், ஐவிஎஃப் பேக்கேஜ் தனி. ரிசல்ட்டே வராததுக்கு எதுக்கு 20,000னு கேட்டா, "சாம்பிள் ப்ராசஸ் பண்ணியாச்சு மேம்"னு ஒரே பாட்டு. மறுபடி பாக்கணும்னா கருவ வெளிய எடுத்து உருக்கி, இன்னொரு தடவ செல் எடுத்து, மறுபடி ஃப்ரீஸ் பண்ணனும், அதுக்கு தனி பில்லு. நான் வேணாம்னுட்டேன், ஒரு உயிரை எத்தன தடவ கிள்றது. மூணு மெயில், ரெண்டு ஃபோன், கடைசில கவுன்சிலர் மேடம் உள்ள பேசினதுல பாதி திரும்பி வந்துச்சு. பில்லிங் டெஸ்க்குக்கு 5க்கு 1, அந்த ஒண்ணும் காபி குடுத்ததுக்காக. சேர்றதுக்கு முன்னாடியே "நோ ரிசல்ட் வந்தா யாரு செலவு"ன்னு எழுத்துல வாங்கிக்கங்க.

இன்னொரு கடுப்பு. என் சித்தி பொண்ணு, 29 வயசு, குரோமோசோம் பிரச்சனை எதுவும் கிடையாது, ட்யூப் அடைப்புன்னு இதே சென்டருக்கு போனா. அவகிட்டயும் "எல்லா எம்ப்ரியோவையும் டெஸ்ட் பண்ணிடலாம்மா, சக்ஸஸ் ரேட் கூடும்"னு சொல்லியிருக்காங்க. எனக்கு தெரிஞ்சதை அவகிட்ட சொன்னேன், இங்கயும் சொல்றேன். இந்த டெஸ்ட்டு கருவ சரி பண்ணாது, இருக்கறதுல பொறுக்கும், அவ்ளோதான். பொறுக்கறதால எல்லாருக்கும் லாபம் கிடையாது. 2007லயே நெதர்லாந்துல 35 வயசுக்கு மேல இருக்கவங்கள வெச்சு பாத்தாங்க, அப்ப மூணாம் நாள் கருவுல இருந்து ஒரு செல் எடுத்து கலர் கலரா ஒளிர்ற ஃபிஷ் டெஸ்ட்ல சில குரோமோசோம் மட்டும் பாப்பாங்க, டெஸ்ட் பண்ணவங்களுக்கு குழந்தை பொறந்தது இன்னும் கம்மிதான் ஆச்சு. டெக்னாலஜி மாறி இப்ப எல்லா குரோமோசோமும் எண்ணற காலம் வந்தும், 2019ல நாலு நாட்டுல 661 பெண்கள வெச்சு பண்ணதுல மொத்தமா பாத்தா வித்தியாசம் இல்ல, 35க்கு மேல இருக்கவங்களுக்கு மட்டும் கொஞ்சம் பலன் இருக்கற மாதிரி தெரிஞ்சுது. 2021ல சீனாவுல 1,212 பேரு, நல்ல கரு குறைஞ்சது மூணு இருக்க இளம் வயசுக்காரங்க, டெஸ்ட் பண்ணவங்கள்ல 77.2 சதவீதம் பேருக்கு குழந்தை, பண்ணாதவங்கள்ல 81.8. அவ டெஸ்ட் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா, அதுக்கும் ஒரு ஃபாரம் நீட்டினாங்களாம், என்னமோ ஹெல்மெட் போடாம வண்டி ஓட்டறவகிட்ட வாங்கற மாதிரி. வயசு 40க்கு பக்கத்துல, தொடர்ந்து கலையுது, இல்ல எங்கள மாதிரி போட்டோல அம்புக்குறி இருக்குன்னா அது வேற, அப்பக் கூட மொதல்ல போட்டோ எடுங்க. எங்களோட சேர்ந்து வெயிட்டிங் ஹால்ல உக்காந்திருந்த எத்தனையோ பேரு நாலு ஐவிஎஃப் முடிச்சிருக்காங்க, காரியோடைப் எடுத்ததே இல்லைங்கறாங்க, கேட்டா வயிறு எரியுது.

முதல் கருவ வெச்சாங்க, பீட்டா (கர்ப்பம் நின்னுச்சான்னு பாக்கற ரத்த டெஸ்ட்) நெகட்டிவ். டெஸ்ட் பாஸ் ஆன கருதானே, எப்படி நிக்காம போச்சுன்னு ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. குரோமோசோம் எண்ணிக்கை சரியா இருக்கறது ஹால் டிக்கெட் மாதிரி, பரீட்சைய எழுதித்தானே ஆகணும். நாலு மாசம் கழிச்சு ரெண்டாவது. நின்னுச்சு. இப்ப 24ஆவது வாரம், உதைக்குது, ராத்திரி பத்து மணிக்கு மேலதான் ஆட்டம்.

17ஆவது வாரம் பனிக்குட நீர் எடுத்து காரியோடைப் பாத்தோம். பிஜிடி பண்ணியாச்சே இது எதுக்குன்னு வீட்ல எல்லாரும் கேட்டாங்க, ஆனா அஞ்சு செல்லு நஞ்சுக்கொடியோட செல்லு, அதுவும் எண்ணினது மட்டும்தான், குழந்தையோட செல்லுலயே ஒரு தடவ பாத்து உறுதி பண்ணிக்கங்கன்னு கவுன்சிலர் மேடம் முதல் நாளே சொல்லியிருந்தாங்க. மறுபடியும் அதே மூணு வாரம், அதே கறுப்பு வெள்ளை போட்டோ. கடைசி ஜோடி இருக்க வேண்டிய இடத்தை மறைச்சிருந்தாங்க. 13க்கு மேல ஒண்ணு, 14க்கு மேல ஒண்ணு, பக்கத்துல அம்புக்குறி போட்டு நீட்டமா ஒண்ணு.

45. அப்படியே அப்பா. ஒட்டிக்கிட்டு வந்திருக்கு, எதுவும் குறையல கூடல. இவரு ரெண்டு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாரு. அத்தைக்கு சொன்னோம், "என் புள்ள நல்லாத்தானே இருக்கான், இதுவும் இருக்கும்"னாங்க, டாக்டர் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான், வளர்ந்து கல்யாணம் ஆகும்போது இந்த பேப்பரை குடுத்துடுங்கன்னு மட்டும் சேர்த்து சொன்னாங்க. கொழுந்தனாரையும் ஒரு காரியோடைப் குடுக்க சொல்லியிருக்கோம், அவரு இன்னும் அடுத்த மாசம் அடுத்த மாசம்னுட்டு இருக்காரு.

அந்த மொசைக்கும் நோ ரிசல்ட்டும் இன்னும் டாங்க்லதான் இருக்கு. வருஷ வாடகை புதுப்பிக்கணும்னு போன வாரம் சென்டர்ல இருந்து மெசேஜ் வந்துச்சு, புதுப்பிக்கறதா விட்டுடறதான்னு ரெண்டு பட்டன். இவருகிட்ட ஃபோனை நீட்டினேன், அவரு என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டாரு. இன்னும் ஒண்ணும் அமுக்கல.